இருபது அங்குலத்தில் ஓர் இருக்கை

எங்கள் வீட்டில் மதிப்பெண் போடாமல் எந்தப் பொருளையும் வாங்கியதில்லை. என் கணவர் ஆரோக்கியதாஸ் முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்கு ஆசிரியராக இருந்தவர்; நான் முப்பத்தோர் ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவள். மாவரைக்கும் கிரைண்டருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் போட்ட மதிப்பெண் தாள்கள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. மகன் பிராங்கிளினுக்குப் பெண் பார்க்கக் கிளம்பியபோதுகூட அவர் கோடு போட்ட தாள் ஒன்றைச் சட்டைப்பையில் செருகினார். அதை மட்டும் நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

ஆகவே, கார் வாங்குவதென்று முடிவானதும் பன்னிரண்டு தலைப்புகளோடு நூறு மதிப்பெண்ணுக்கு ஒரு தாள் தயாராயிற்று. மைலேஜுக்குப் பதினைந்து. டிக்கியின் இடத்துக்குப் பதினைந்து. அடிப்பாகம் வேகத்தடையில் உரசாமல் இருப்பதற்குப் பத்து. விலை எங்கள் ஓய்வூதியத்துக்கு ஒத்துவருமா என்பதற்கு இருபது. ஒவ்வொன்றையும் வாதாடித்தான் எழுதினோம்.

உண்மையில் கார் எங்களுக்குத் தேவைப்படவில்லை. என் கணவரின் தங்கை கிளாராவுக்குத்தான் தேவைப்பட்டது.

கிளாரா தையற்காரி. வயது ஐம்பத்தேழு. திருமணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். மூன்று ஆண்டுகளுக்கு முன் முதுகுத்தண்டில் வளர்ந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். உயிர் தங்கியது, இடுப்புக்குக் கீழே அசைவு தங்கவில்லை. சாணார்பட்டிப் பக்கம் இருந்த தன் வீட்டைப் பூட்டிவிட்டுத் திண்டுக்கல்லில் எங்களோடு வந்து சேர்ந்தாள். தையல் இயந்திரத்தின் மோட்டார் மிதிப்பானை மேசைமேல் ஏற்றி வைத்து முழங்கையால் அழுத்தித் தைக்கிறாள். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறை முக்காலிக்கும் தானே மாறிக்கொள்வாள். அதற்கு அவளிடம் ஒரு பலகை உண்டு. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே பாலம்போல அதை வைத்து, கைகளை ஊன்றி வழுக்கிக்கொண்டே கடந்துவிடுவாள். பலகை வழுவழுப்பாக இருக்க வேண்டுமென்று வாரம் ஒருமுறை மெழுகுதிரியால் தேய்ப்பாள். வீட்டில் அவள் யார் உதவியையும் கேட்பதில்லை; கேட்காத உதவியைச் செய்யப் போனால் கையில் தட்டுவாள்.

வெளியே போவதுதான் இயலாமல் போயிற்று. சென்ற ஆண்டு பிப்ரவரியில் மருத்துவமனைக்குப் போக ஆட்டோவை அழைத்தோம். ஓட்டுநரும் எதிர்வீட்டு அன்புமணியும் அவளைத் தூக்கி ஏற்றினார்கள். ஒருவர் தோளைப் பிடிக்க வேண்டும், மற்றவர் முழங்காலுக்கு அடியில் கைகொடுக்க வேண்டும், மூன்று எண்ணியதும் தூக்க வேண்டும் என்று வாசலில் நின்று ஆணையிட்டவள் நான்தான். எல்லாம் ஒழுங்காக நடந்ததாகவே எனக்குத் தோன்றியது. அவள் புடவை முழங்காலுக்குமேல் ஏறிவிட்டதையும், தெருவே பார்த்துக்கொண்டிருந்ததையும் நான் கவனிக்கவில்லை.

வீடு திரும்பியதும் அவள் சொன்னாள்: “மதினி, நான் என்ன நெல்லு மூட்டையா? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணித் தூக்குறீக. இனிமே என்னையத் தூக்கி ஏத்துற எந்த வண்டியிலயும் நான் வரமாட்டேன்.”

சொன்னதைக் காப்பாற்றினாள். பதினான்கு மாதங்கள் வாசலைத் தாண்டவில்லை. மருத்துவர் கைப்பேசியில் பேசினார். பயிற்சி தருபவர் வீட்டுக்கு வந்தார். ஆனால் மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதில்லை. அது அவள் ஊர்த் திருவிழா. மாதா சொரூபத்துக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சேலை தைத்தவள் அவள். சப்பரம் கிளம்புவதற்குமுன் அதைத் தன் கையாலேயே கொசுவம் வைத்து உடுத்தியும் விடுவாள். சென்ற ஆண்டு சேலை மட்டும் ஒரு பையில் போயிற்று. மறுநாள் கைப்பேசிக்குப் படம் வந்தது. இரு விரலால் பெரிதாக்கிப் பார்த்தவள், “கொசுவம் சரிஞ்சு கெடக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். இந்த ஆண்டும் நீலப்பட்டு வாங்கி வைத்திருந்தாள். திருவிழாவுக்குப் போவது பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அவள் பேசாததைப் பார்த்துத்தான் என் கணவர் கோடு போட்ட தாளை எடுத்தார்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு காலைப் பொழுது ஷோரூமுக்குப் போனோம். டிக்கியில் நாற்காலி அடங்குகிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? கிளாராவைக் கட்டிலில் இருக்கச் சொல்லிவிட்டு, அவளுடைய சக்கர நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம்.

விற்பனைப் பிரிவில் ரஃபியா என்ற பெண் எங்களை வரவேற்றார். நாற்பதை நெருங்கும் வயது. எதைக் கேட்டாலும் சலிக்காமல் விடை சொல்லும் இயல்பு. எங்கள் தாளைப் பார்த்ததும், “சார், இதுல நான் பாஸாகணுமா, கார் பாஸாகணுமா?” என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இரண்டு கார்களை ஓட்டிப் பார்த்தோம். ஒன்று, இப்போது எல்லோரும் வாங்குகிற உயரமான கார். மற்றொன்று, பின்னால் தனி டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செடான், விலையும் குறைவு. செடானில் முதலில் எங்களுக்குக் காட்டியது சிஎன்ஜி எரிவாயுவில் ஓடுவது. டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தில் சிலிண்டர் படுத்திருந்தது. மடக்கிய நாற்காலியை எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரு சக்கரம் வெளியே நின்றது.

“பெட்ரோல் மட்டும்னா டிக்கி முழுசாக் கெடைக்கும் மேடம்” என்றார் ரஃபியா. அந்தக் காரில் நாற்காலி படுத்த பிறகும் இரண்டு பெட்டிகளுக்கு இடம் மிஞ்சியது. பதினைந்துக்குப் பதினைந்து போட்டேன்.

இருப்பினும் மொத்தக் கூட்டலில் உயரக் கார் எண்பத்திரண்டு பெற்றது. செடான் எழுபத்து நான்கு. இதில் மூன்று மதிப்பெண் என் கணவர் உயரக் காருக்குக் கருணையாகப் போட்டது. எந்தத் தலைப்பில் என்று கேட்டேன்.

“கம்பீரம்” என்றார்.

“அப்படி ஒரு தலைப்பு தாளில் இல்லை.”

“இருந்திருக்கணும் மேரி. நாமதான் விட்டுட்டோம்.”

தலைப்பு ஒன்று விட்டுப்போயிருந்தது உண்மைதான். அது கம்பீரம் அன்று.

வீட்டுக்கு வந்தபோது கிளாரா கட்டிலில் சுவரில் சாய்ந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

“என் காலைக் கொண்டுபோயிட்டு இம்புட்டு நேரமாண்ணே? தண்ணி குடிக்கக்கூட எறங்க முடியாமக் கெடக்கேன்” என்றாள்.

நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். என் கணவர் நாற்காலியை விரித்துக்கொண்டே மதிப்பெண் பட்டியலைப் படித்தார். எண்பத்திரண்டு என்றபோது குரலை உயர்த்தினார். கிளாரா முழுவதையும் கேட்டாள். பிறகு கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சரிண்ணே. முன் சீட்டு தரையில இருந்து எத்தன இஞ்சு?”

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பன்னிரண்டு தலைப்புகளில் அது இல்லை.

“என் வீல்சேர் சீட்டு இருவது இஞ்சு. கட்டிலு இருவது. பாத்ரூம் முக்காலி இருவது. கட்டிலு, முக்காலி காலையெல்லாம் அறுத்து நாந்தான் இருவதாக்குனேன். இதெல்லாம் ஒரே மட்டத்துல இருக்கப் போயித்தான் பலகையப் போட்டு நகர்றேன். அந்தக் காரு எத்தன?”

என் கணவர் ரஃபியாவை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார். அவர் அளவுநாடாவோடு போய் அளந்துவிட்டு வந்து சொன்னார்: உயரக் கார் இருபத்தெட்டு அங்குலம், செடான் இருபத்தொன்று.

“எட்டு இஞ்சு ஏறணும்” என்றாள் கிளாரா. “அப்ப மறுபடியும் தூக்கணும்.”

“ஒரு சின்னப் படி செஞ்சு வச்சுக்கலாம்மா” என்றார் என் கணவர்.

“படியில ஏறத் தெரிஞ்சா எனக்கு எதுக்குண்ணே காரு?”

இதற்கிடையில் கோயம்புத்தூரிலிருந்து பிராங்கிளின் அழைத்தான். உயரமான வண்டிதான் பாதுகாப்பு, ரோடு நன்றாகத் தெரியும் என்று தன் அத்தைக்கு விளக்கினான். “நீ வர்றப்ப வாடகைக்கு ஒண்ணு எடுத்து ரோட்டப் பாத்துக்க அப்பு” என்று சொல்லிவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள்.

“மதினி, அந்தத் தாளைக் குடுங்க.”

கொடுத்தேன். பின்பக்கத்தைத் திருப்பி, துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் பெரிய எழுத்தில் எழுதினாள்: யாரும் தொடாமல் ஏற வேண்டும், இறங்க வேண்டும். எதிரே நூறு என்று போட்டாள்.

“இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்.”

அவள் ஷோரூமுக்கு வர முடியாது. அங்கே போவதற்கே தூக்க வேண்டும். ஆகவே செடான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அந்தச் சனிக்கிழமை காலையில் ரஃபியாவே ஓட்டிக்கொண்டு வந்து, இடப்பக்கக் கதவு எங்கள் வாசலைப் பார்க்கும்படி நிறுத்தினார். வெள்ளை நிறம், கழுவித் துடைத்திருந்தார்கள். அன்புமணி தன் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் வந்து நின்றான். அவன் செடிகள் அனைத்தும் மாடியில் இருக்கின்றன.

“அக்கா, ஒரு கை பிடிக்கவா?” என்றான்.

“பிடிச்ச கைய ஒடிச்சிருவேன். உள்ள போ.”

வாசலில் நாற்காலி இறங்குவதற்காகப் போட்ட சிமெண்டுச் சரிவின் மேல்பாதியில் அவள் நாற்காலியை நிறுத்திக்கொண்டாள். இரண்டு சக்கரங்களையும் பூட்டி, வலக் கைப்பிடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். ரஃபியாவிடம் முன் இருக்கையைப் பின்னால் முழுவதும் தள்ளச் சொன்னாள். பலகையின் ஒரு முனை காருக்குள். மறு முனை அவளுக்கு அடியில்.

முதல் முறை தலை இடித்தது. “ம்ச்” என்று பின்வாங்கினாள். என் கணவர் ஓரடி முன்னால் வந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டாம் முறை பலகை நழுவிற்று. அடுத்து, இருக்கையின் சாய்வை நன்றாகப் பின்னுக்குச் சாய்க்கச் சொன்னாள். கழுத்தை மடக்கி, இடக்கையை நாற்காலியிலும் வலக்கையை இருக்கையிலும் ஊன்றி, நான்கு தவணைகளில் நகர்ந்தாள். பிறகு தன் கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து உள்ளே வைத்தாள். புடவையை இழுத்துச் சரிசெய்தாள். கதவைத் தானே சாத்தினாள்.

என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைப்பதற்காக, “எங்க கையெழுத்துப் போடணும்?” என்று ரஃபியாவிடம் உரக்கக் கேட்டார்.

கண்ணாடி இறங்கியது. “இருண்ணே. ஏறுனது பாதிதான். எறங்கணும்ல?”

கதவைத் திறந்து பலகையை மீண்டும் போட்டோம். கைகளை ஊன்றி எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. அளந்தபோது இருபத்தோர் அங்குலம் இருந்த இருக்கை, ஆள் உட்கார்ந்ததும் இரண்டு அங்குலம் அமுங்கிவிட்டது. ஓரம் மட்டும் வரப்புபோல உயர்ந்து நின்றது. சரிவின்மேல் நின்ற நாற்காலியோ அவளுக்கு எட்டாத மேட்டில் இருந்தது. மூன்று முறை முயன்றாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அன்புமணி செடி இல்லாத இடத்தில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டான்.

அடுத்து என்ன செய்ய நேரும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது. நான் என் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“அண்ணே” என்றாள் கிளாரா, எங்களைப் பார்க்காமல். “வந்தது வந்தாச்சு. ஒரு சுத்து ஓட்டு. செத்த நேரம் யோசிச்சுக்கிறேன்.”

என் கணவர் ஓட்ட, நானும் ரஃபியாவும் பின்னால் உட்கார்ந்தோம். நாற்காலி டிக்கியில் படுத்தது. தெருமுனையைத் திரும்பியதும் கட்டடங்களுக்கு இடையே மலைக்கோட்டை தெரிந்தது. கிளாரா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தாள். எந்தத் துணிக்கடை மூடிவிட்டது, எந்த மருந்துக்கடை புதிது என்று சொன்னாள். “மெதுவாப் போண்ணே, நீ இன்னும் பள்ளிக்கூடத்துல பெல்லடிச்ச மாதிரிதான் ஓட்டுற” என்று அவரைச் சீண்டினாள். நத்தம் சாலையில் வேகத்தடைகளை எண்ணினாள். ஒன்றிலும் அடி உரசவில்லை. ஊர் எல்லை தாண்டி, வயல்களில் மல்லிகைச் செடி தெரியத் தொடங்கிய இடத்தில், “போதும், திருப்பு. மிச்சத்தத் திருவிழாவுக்குப் பாத்துக்கிறேன்” என்றாள்.

திரும்பும் வழியில் என்னிடம் கேட்டாள்: “மதினி, நம்ம தெருவுல மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?”

“அன்புமணி வீட்டுப் பக்கம். அவன் வாசலில்தான் தேங்கும். ஆண்டுதோறும் நகராட்சிக்கு மனு எழுதிக் கொடுப்பது நான்தானே.”

“அப்ப அதுதான் பள்ளம்.”

எனக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. போகும்போது எங்கள் வாசலைப் பார்த்திருந்த இடப்பக்கக் கதவு, திரும்பி வரும்போது எதிர்ப்பக்கத்தைப் பார்க்கும். கார் தெருவின் நடுமேட்டில் நின்றால், ஓரத்தில் நிற்கும் நாற்காலி தாழ்ந்திருக்கும். மேட்டிலிருந்து ஏறினாள், இனிப் பள்ளத்தில் இறங்க வேண்டும்.

அன்புமணி வீட்டு வாசலில் நிறுத்தினோம். நாற்காலியைத் தெருவோரப் பள்ளத்தில் வைத்துச் சக்கரங்களைப் பூட்டினேன். கிளாரா தோளில் போட்டிருந்த துண்டை நான்காக மடித்துத் தனக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்துக்கொண்டாள். ஓரத்து வரப்பின்மேல் பலகை ஏறிப் படிந்தது. ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டாள். மெழுகு தேய்த்த பலகையில் மெல்ல வழுக்கி, நாற்காலிக்குள் ‘தொப்’பென்று வந்து விழுந்தாள். அன்புமணி கைதட்டினான். ரஃபியாவும் தட்டினார். கிளாரா கைப்பிடியை மாட்டிவிட்டு, என் கணவரைப் பார்த்தாள்.

“இப்பப் போடுண்ணே மார்க்க.”

“நூறு” என்றார் அவர்.

“தொண்ணூறு போடு. அந்தச் சீட்டு அமுங்குற குழிக்குப் பத்துக் கொறைச்சுக்க. ரெடிமேட் எடுத்தா ஆல்டர் பண்ணித்தானே போடணும்? ரெண்டு இஞ்சுக்குக் கெட்டியா ஒரு மெத்தை தச்சுப் போட்டுட்டா எங்கயும் எறங்கலாம். மூணு இஞ்சு வச்சா தலை இடிக்கும். அளந்துட்டேன்.”

அன்றைக்கே முன்பதிவு செய்தோம். மூன்று வாரங்களில் வண்டி வந்தது. அதற்குள் மெத்தை தயாராகியிருந்தது. மாதாவின் சேலையில் மிஞ்சிய நீலப்பட்டை அதன் உறைக்குப் பயன்படுத்தியிருந்தாள். உட்காரும் பொருளுக்கு அந்தத் துணி முறையா என்று கேட்டேன். “மாதாவுக்கு என்னையத் தெரியும் மதினி, உங்களுக்குத்தான் இன்னும் தெரியல” என்றாள்.

மே மாதக் கடைசி ஞாயிறன்று மாலை நான்கு மணிக்கு அவள் ஊர்க் கோயில் முற்றத்தில் கார் நின்றது. இரண்டு ஆண்டுகளாகப் பார்க்காத கிளாராவைக் கண்டதும் ஊரே ஓடிவந்தது. சப்பரம் தூக்குவதற்கென்று வந்திருந்த ஆண்கள் ஆறேழு பேர் கதவைச் சூழ்ந்துகொண்டார்கள். அனைவரும் அன்போடுதான் வந்தார்கள். ஒருவர் சட்டையின் கையை மடித்துவிட்டு, “கிளாராக்கா, நகராதீக, நாங்க தூக்குறோம். டேய், நீ அந்தப் பக்கம் பிடி” என்றார். காருக்குள் அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன். கதவின் உள்கைப்பிடியை இறுகப் பற்றியிருந்தாள்.

வகுப்பறையை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகியும் என் குரல் என்னிடம்தான் இருந்தது.

“யாரும் தொடக் கூடாது!”

மேளம்கூட நின்றுவிட்டது.

“எல்லோரும் நான்கடி பின்னால் செல்லுங்கள். திரும்பிக் கோயிலைப் பார்த்து நில்லுங்கள். நான் சொல்லும்வரை யாரும் திரும்பக் கூடாது.”

சென்றார்கள். பங்குத்தந்தையும் திரும்பி நின்றார். கூட்டத்தில் என்னிடம் படித்தவர்கள் இருவர் கைகட்டியே நின்றார்கள். நான் டிக்கியிலிருந்து நாற்காலியை எடுத்து விரித்து, காருக்கு அருகில் சேர்த்துச் சக்கரங்களைப் பூட்டிவிட்டு, நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பின்னால் பலகை உராயும் ஓசை கேட்டது. ஒரு பெருமூச்சு. கைப்பிடி மாட்டும் ‘டக்’.

“திரும்பலாம் மதினி” என்று மெல்லச் சொன்னாள். “அந்தச் சத்தத்த அன்னைக்கு ஆட்டோக்காரன்கிட்டப் போட்டிருக்கலாம்ல?”

“போட்டிருக்க வேண்டும்” என்றேன்.

அவள் என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, மடியில் நீலச்சேலையோடு, தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு சப்பரத்தை நோக்கிப் போனாள். மாதாவின் கொசுவம் அன்று நேராக விழுந்தது.